அடுத்த ஆண்டுப் பயிற்சி: வகுப்பா, கதையா, சூழ்நிலையா, பொம்மையா?

சென்னையில் நூறு, நூற்றைம்பது படுக்கைகள் கொண்ட ஒரு தனியார் மருத்துவமனையில் ஊழியர் பயிற்சிக்குப் பொறுப்பேற்றவர், ஆண்டுத் தொடக்கத்தில் ஒரு பயிற்சி அட்டவணையைத் தயாரித்தாக வேண்டும். கை கழுவுதல், நோயாளியை அடையாளம் காணுதல், மருந்துப் பாதுகாப்பு, ஊசிக்குத்துக் காயம், மருத்துவக் கழிவு, தீ விபத்து, இதய நுரையீரல் மீட்பு என்று மருத்துவமனைகளுக்கான என்ஏபிஎச் தரச்சான்றுக்குத் தேவையான தலைப்புகள் எங்கும் ஏறத்தாழ ஒன்றுதான். எந்த முறையில் சொல்லிக்கொடுப்பது என்பதில் மட்டுமே நமக்குத் தேர்வு இருக்கிறது. பெரும்பாலும் அந்தத் தேர்வையும் நாம் செய்வதில்லை. போன வருடத்துப் பிபிடியைத் திறந்து, தேதியை மாற்றி, செமினார் ஹாலில் முக்கால் மணி நேரம் ஓட்டி, வருகைப் பதிவேட்டில் கையெழுத்து வாங்கிவிட்டால், ஆய்வுக்கு வருபவரிடம் காட்ட ஒரு கோப்பு தயார். இரவு டூட்டியை முடித்துவிட்டு நேராக வந்து உட்கார்ந்த செவிலியருக்கு அதில் என்ன தங்கியது என்பதை எந்தக் கோப்பும் கேட்பதில்லை.

இங்கே ஒப்பிடப்படும் வழிகள் நான்கு. முதலாவது, இப்போது நடக்கும் விரிவுரை வகுப்பு. இரண்டாவது, நடந்த ஒரு நிகழ்வையோ நடந்ததுபோல் அமைத்த ஒன்றையோ தொடக்கம் முதல் முடிவு வரை சொல்லும் கதைமுறை. மூன்றாவது, அதே நிகழ்வை முடிவெடுக்க வேண்டிய இடத்தில் நிறுத்தி, ‘இப்போது என்ன செய்வீர்கள்?’ என்று கேட்டு, வரும் பதில்களை வைத்தே விவாதிக்கும் சூழ்நிலைப் பயிற்சி. நான்காவது, பயிற்சிப் பொம்மையையோ நோயாளியாக நடிக்கும் ஒருவரையோ வைத்துச் செய்துபார்க்கும் சிமுலேஷன். இவற்றுள் கதையையும் சூழ்நிலையையும் பலர் ஒன்றாகவே எண்ணிவிடுகிறார்கள். ‘ஒரு ஸ்டோரி சொல்லி கிளாஸ் எடுங்க, மனசுல நிக்கும்’ என்ற வழக்கமான அறிவுரையில் இரண்டும் கலந்துகிடக்கின்றன. இரண்டும் மனத்தில் நிற்கின்றன என்பதில் ஐயமில்லை. ஆனால் நிற்பது எது என்று பார்த்தால் வேறுபாடு பெரிது. ஒரு நடுத்தர மருத்துவமனை தன் நேரத்தின் பெரும்பகுதியை மூன்றாவது வழிக்கே ஒதுக்க வேண்டும் என்று நான் கருதுவதற்கும் அந்த வேறுபாடுதான் காரணம்.

பொதுப்படப் பேசுவதைவிட, ஒரே பாடத்தை நான்கு முறைகளிலும் வைத்துப் பார்ப்பது தெளிவு தரும். எடுத்துக்காட்டாக இன்சுலின் சிரிஞ்சைக் கொள்வோம். நம் நாட்டில் இன்சுலின் குப்பிகள் இரண்டு வலிமைகளில் கிடைக்கின்றன: ஒரு மில்லியில் 40 யூனிட் உள்ளது ஒன்று, 100 யூனிட் உள்ளது மற்றொன்று. சிரிஞ்சுகளும் அதற்கேற்ப இரண்டு வகை. 40 யூனிட் சிரிஞ்சுக்குச் சிவப்பு மூடி, 100 யூனிட் சிரிஞ்சுக்கு ஆரஞ்சு மூடி. 100 யூனிட் குப்பியிலிருந்து சிவப்பு மூடி சிரிஞ்சில் ‘20’ என்ற கோடு வரை எடுத்தால், உள்ளே வருவது அரை மில்லி, அதாவது 50 யூனிட். மருத்துவர் எழுதியதைப் போல இரண்டரை மடங்கு. மாற்றி எடுத்தால், 20 யூனிட்டுக்குப் பதிலாக 8 யூனிட்தான் போகும்.

வகுப்பில் இது ஒரு ஸ்லைடு. இரண்டு நிறங்கள், ஓர் அட்டவணை, கீழே சிவப்பு எழுத்தில் ஓர் எச்சரிக்கை. செவிலியர் பட்டயம் முடித்த எவருக்கும் இது புதிய செய்தி அல்ல என்பதால், தெரிந்ததுதானே என்று தலையசைத்துவிட்டு அடுத்த ஸ்லைடுக்குப் போய்விடுவார்கள். தேர்வில் கேட்டால் சரியாகவும் எழுதுவார்கள். தவறு நடப்பதோ தெரியாததால் அல்ல, அந்த நேரத்தில் நினைவுக்கு வராததால்.

கதையாகச் சொன்னால் இப்படி இருக்கும். மே மாதம், ஏசி இல்லாத ஜெனரல் வார்டு. சர்க்கரை நோயுள்ள அறுபது வயதுக்காரர் ஒருவருக்கு, வீட்டிலிருந்து கொண்டுவந்த குப்பியிலிருந்து, வார்டில் இருந்த சிரிஞ்சால் இரவு உணவுக்கு முன் இன்சுலின் போடப்படுகிறது. மூன்று இட்லியில் ஒன்றரையை மட்டும் சாப்பிட்டுவிட்டு அவர் படுத்துக்கொள்கிறார். பத்து மணிக்கு மேல் உடம்பெல்லாம் வியர்வை; பக்கத்தில் இருந்த மனைவி, புழுக்கம்தான் காரணம் என்று விசிறிக்கொண்டிருக்கிறார். பேச்சு குழறத் தொடங்கிய பிறகே சிஸ்டரைக் கூப்பிடுகிறார். சோதித்தால் சர்க்கரை அளவு ஆபத்தாக இறங்கி 38. குளுக்கோஸ் ஏற்றி அவரை மீட்டுவிடுகிறார்கள். கற்பனையாக அமைத்த நிகழ்வுதான் என்றாலும், இதைச் சொன்னால் அறையில் செல்போன் பார்ப்பவர் இருக்க மாட்டார். அந்த விசிறியை ஒரு மாதம் கழித்தும் நினைவு வைத்திருப்பார்கள்.

ஒரு மாதம் கழித்து என்ன நினைவிருக்கிறது என்று கேட்டுப்பாருங்கள். ‘சர்க்கரை குறைந்தால் வியர்க்கும்’ என்பதைச் சொல்வார்கள், அது நல்லதே. ‘அந்த சிஸ்டர் பார்க்காமல் போட்டுவிட்டார்’ என்பதையும் தவறாமல் சொல்வார்கள். கதையின் முடிவு தெரிந்தவருக்கு, நடுவில் நின்றவர் செய்தது கண்ணை மூடிக்கொண்டு செய்த காரியமாகவே தோன்றும். விளைவை அறிந்த பின் ‘இது முன்பே தெரிந்திருக்க வேண்டியதுதானே’ என்று எண்ணும் மனச்சாய்வை உளவியலாளர் பரூக் ஃபிஷ்ஹாஃப் 1975இல் சோதனைகளின் வழியே காட்டினார். பயிற்சி வகுப்பில் அது வேலை செய்யும் விதம் எளியது: கேட்பவர் தன்னை அந்த சிஸ்டரின் இடத்தில் வைக்காமல், அவரை விசாரிக்கும் இடத்தில் வைத்துக்கொள்கிறார்.

இப்போது அதே நிகழ்வைச் சிரிஞ்சைக் கையில் எடுப்பதற்கு முன்பே நிறுத்துவோம். இரவு 7.50. கேஸ் ஷீட்டில் ‘ரெகுலர் இன்சுலின் 20 யூனிட், இரவு உணவுக்கு முன்’ என்றிருக்கிறது. வார்டு ஸ்டாக் தீர்ந்துவிட்டது. பார்மசியில் கேட்டால் அரை மணி நேரம் ஆகும் என்கிறார்கள். நோயாளியின் மனைவி பையிலிருந்து ஒரு குப்பியை எடுத்து, ‘இதையே போட்டுடும்மா, வீட்லயும் இதான் போடுறோம். சாப்பாடு ஆறிப்போவுது’ என்கிறார். குப்பியில் 100 யூனிட் என்று அச்சிட்டிருக்கிறது. டிரேயில் சிவப்பு மூடி சிரிஞ்சுகள் மட்டுமே உள்ளன. உங்கள் பொறுப்பில் பதினான்கு நோயாளிகள். என்ன செய்வீர்கள்?

இந்த இடத்தில் வகுப்பில் கருத்துகள் பிரியும். விதிப்படி வெளி மருந்தைத் தொடமாட்டேன் என்று ஒருவர் சொல்வார். அப்படியானால் அரை மணி நேரம் சாப்பாட்டை நிறுத்திவைப்பீர்களா, அந்த அம்மாவிடம் என்ன சொல்வீர்கள் என்று கேட்டால், பதில் அவ்வளவு எளிதாக வராது. கணக்கில் கெட்டிக்காரரான இன்னொருவர், 20 யூனிட் என்றால் 0.2 மில்லி, சிவப்பு மூடி சிரிஞ்சில் ‘8’ என்ற கோடு, அதுவரை எடுத்தால் போதும் என்பார். கணக்கு சரி. ஆனால் அதே குப்பி மேசைமேல் இருக்க, காலையில் டூட்டிக்கு வருபவரும் அதே கணக்கைப் போடுவார் என்பதற்கு என்ன உத்தரவாதம் என்று இன்சார்ஜ் சிஸ்டர் கேட்கும்போதுதான், சரியான கணக்கும் ஆபத்தான வழக்கமும் ஒன்றாக இருக்க முடியும் என்பது எல்லோருக்கும் உறைக்கும். மூன்றாமவர், இவ்வளவு நேரம் யாரும் கேட்காத ஒன்றைக் கேட்பார்: இப்போதைய சர்க்கரை அளவு என்ன, பார்த்தீர்களா? பக்கத்து வார்டில் கடன் வாங்கலாமே என்பார் நான்காமவர். பத்து நிமிடத்தில் சிரிஞ்சு, வெளி மருந்துக் கொள்கை, ஸ்டாக் குறைபாடு, ஷிஃப்ட் மாறும்போது பொறுப்பை ஒப்படைக்கும் ஹேண்டோவர் என்று நான்கு பாடங்கள் நடந்து முடிந்திருக்கும். பயிற்சியாளர் பேசியது மிகக் குறைவாக இருக்கும்.

இந்தக் குறிப்பிட்ட பாடத்துக்குப் பொம்மை தேவையில்லை. சிரிஞ்சுகளும் இரண்டு காலிக் குப்பிகளும் போதும். நோயாளி நினைவிழந்த பிறகு செய்ய வேண்டியதற்குச் சிமுலேஷன் பயன்படும். அது வேறு பாடம்.

கதை நினைவில் நிற்கும் என்பதற்கு ஆய்வுச் சான்று உண்டா என்றால், உண்டு. ஸ்டான்ஃபோர்டில் கோர்டன் பவரும் மைக்கேல் கிளார்க்கும் 1969இல் வெளியிட்ட சோதனையில், பத்துப் பத்துச் சொற்களாகப் பன்னிரண்டு பட்டியல்களை மாணவர்களுக்குக் கொடுத்தார்கள். ஒவ்வொரு பட்டியலையும் ஒரு கதையாகக் கோத்துக்கொண்டவர்கள் கடைசியில் 93 விழுக்காடு சொற்களை நினைவுகூர்ந்தார்கள். அப்படிச் செய்யாதவர்கள் 13 விழுக்காடு மட்டுமே. பயிற்சி நிறுவனங்களின் விளம்பரங்களில் சுற்றிவரும் ‘கதை சொன்னால் இத்தனை மடங்கு நினைவிருக்கும்’ என்பது போன்ற வாக்கியங்களைவிட இது நம்பத்தக்கது. ஆயினும் இதில் இரண்டை மறக்கக் கூடாது. கதையை உண்டாக்கியவர்கள் கற்பவர்களே. யாரோ சொல்லக் கேட்கவில்லை. அளக்கப்பட்டது சொற்களின் நினைவு. வேலையிடத்தில் எடுக்கும் முடிவு அல்ல.

நமக்கு வேண்டியதோ அந்த முடிவுதான். அதைப் பற்றி மேரி கிக், கீத் ஹோலியோக் இருவரும் 1980இல் செய்த சோதனை பயிற்சியாளர்கள் அனைவரும் அறிந்திருக்க வேண்டிய ஒன்று. வயிற்றில் கட்டி உள்ள நோயாளியை, சுற்றியுள்ள நல்ல திசுக்களைக் கெடுக்காமல் கதிர்வீச்சால் எப்படிக் குணப்படுத்துவது என்பது கேள்வி. பல திசைகளிலிருந்து வலுக்குறைந்த கதிர்களைக் கட்டியில் குவிக்க வேண்டும் என்பது விடை. எந்த உதவியும் இல்லாமல் இதைக் கண்டவர்கள் ஏறத்தாழ பத்தில் ஒருவர். ஒரு தளபதி தன் படையைச் சிறு குழுக்களாகப் பிரித்துப் பல சாலைகள் வழியே அனுப்பிக் கோட்டையைப் பிடித்த கதையை முன்பே படித்தவர்களில்கூட, தாமாக விடை கண்டவர்கள் பத்தில் மூவர் அளவே. ‘நீங்கள் படித்த கதை உதவக்கூடும்’ என்று ஒரு குறிப்புக் கொடுத்த பிறகு நான்கில் மூவர் கண்டுவிட்டார்கள். கதை அவர்கள் தலைக்குள்தான் இருந்தது. தேவைப்பட்டபோது எழுந்து வரவில்லை. வார்டில் நமக்கு அந்தக் குறிப்பைக் கொடுக்க ஆளில்லை. அதே ஆய்வாளர்கள் 1983இல் காட்டியது இன்னும் பயனுள்ளது: வெளித்தோற்றத்தில் வேறுபட்ட, உள்ளே ஒரே தத்துவம் கொண்ட இரண்டு கதைகளை ஒப்பிடச் செய்தால், அந்தத் தத்துவத்தைப் புதிய இடத்தில் பயன்படுத்துவது கூடுகிறது.

ஆகவே, சூழ்நிலைகளை இரட்டையாகக் கொடுக்க வேண்டும் என்பது என் பரிந்துரை. இன்சுலினுக்கு இணையாக, இரத்தம் உறைவதைத் தடுக்கும் ஹெப்பாரினை வைக்கலாம். ஒரே அளவு, ஒரே தோற்றமுள்ள ஐந்து மில்லி குப்பிகளில், மில்லிக்கு 1000 யூனிட் கொண்டதும் 5000 யூனிட் கொண்டதும் கிடைக்கின்றன. 5000 யூனிட் என்று எழுதியிருந்தால் ஒன்றில் முழுக் குப்பி, மற்றதில் ஒரு மில்லி. இரண்டு சூழ்நிலைகளையும் அடுத்தடுத்து விவாதித்துவிட்டு, இரண்டுக்கும் பொதுவானது என்ன என்று கேட்டால், ‘ஆர்டர் யூனிட்டில் வருது, கை எடுக்கிறது மில்லியில, நடுவுல இருக்கிற லேபிளைப் பார்க்கணும்’ என்பதை அவர்களே சொல்வார்கள். அப்படித் தாமே சொன்னது, நாளை வேறொரு மருந்தைக் கையில் எடுக்கும்போதும் துணைக்கு வர வாய்ப்பு அதிகம். கேட்கப்பட்டுப் பதில் சொல்வதே நினைவை வலுப்படுத்துகிறது என்பதும் இதனுடன் சேர்கிறது. ரோடிகர், கார்பிக் இருவரின் 2006ஆம் ஆண்டு ஆய்வில், பாடத்தைத் திரும்பப் படித்தவர்கள் ஐந்து நிமிடம் கழித்து முந்தினார்கள். படித்ததை நினைவிலிருந்து எழுதிப்பார்த்தவர்கள் ஒரு வாரம் கழித்து முந்தினார்கள். வகுப்பு முடிந்த கையோடு வைக்கும் தேர்வில் எல்லோரும் நூற்றுக்குத் தொண்ணூறு வாங்குவதை வைத்து நாம் ஏமாறுவதும் இதனால்தான்.

அப்படியானால் கதைக்கு இடமே இல்லையா? உண்டு, குறிப்பாக ஒன்றின் முக்கியத்துவத்தை உணர்த்த வேண்டிய இடங்களில். அறுவை அரங்கில் இளையவர் வாய்திறந்து பேச வேண்டும் என்பதற்கு எலைன் புரோமிலியின் நிகழ்வைவிட வலுவான பாடம் அரிது. 2005 மார்ச்சில் இங்கிலாந்தில், 37 வயதான அவர் வழக்கமான சைனஸ் அறுவைக்குப் போனார். மயக்கம் கொடுத்த பின் மூச்சுக்குழல் வழி கிடைக்கவில்லை. அனுபவம் மிக்க மருத்துவர்கள் குழாய் செருகும் முயற்சியையே தொடர்ந்துகொண்டிருந்தார்கள். தொண்டையில் துளையிட்டு வழி ஏற்படுத்தும் கருவி வந்துவிட்டது என்று ஒரு செவிலியர் அறிவித்தார். இன்னொருவர் தீவிர சிகிச்சைப் பிரிவில் படுக்கைக்குச் சொல்லிவைத்தார். அவர்கள் நிலைமையைப் புரிந்துகொண்டிருந்தார்கள். அந்தப் புரிதல் அறையில் முடிவாக மாறவில்லை. எலைன் பதின்மூன்று நாட்களுக்குப் பின் இறந்தார். விமானியான அவர் கணவர் மார்ட்டின் புரோமிலி, யாரையும் பழிக்காமல், விமானத் துறையில் இதை எப்படிக் கையாள்வார்கள் என்ற கேள்வியோடு இந்த நிகழ்வை உலகெங்கும் மருத்துவர்களிடம் எடுத்துச்சென்றார். இதைக் கேட்கும் செவிலியருக்கு, பேசாமல் இருப்பதன் விலை புரிந்துவிடும். எந்த ஸ்லைடாலும் அதைச் செய்ய முடியாது.

ஆனால் சென்னையில் ஓர் அறுவை அரங்கில், இருபத்திரண்டு வயதுச் செவிலியர், முப்பது ஆண்டு அனுபவமுள்ள சீஃபிடம் என்ன வார்த்தைகளால் பேசுவது என்பதை அந்தக் கதை சொல்லித்தராது. ‘சார்’ என்று தொடங்கிய பிறகு அடுத்த சொல் வர வேண்டுமே. தையல் போடும் முன் எண்ணிப் பார்க்கும் துணிகளில் ஒன்று குறைகிறது என்று வைத்துக்கொள்வோம். ‘சார், கவுன்ட் டேலி ஆகல, ஒரு மாப் குறையுது. க்ளோஸ் பண்றதுக்கு முன்னாடி ஒரு தடவை பார்த்துடலாம் சார்’ என்ற வாக்கியத்தை, மூத்தவர் ஒருவர் ‘எல்லாம் சரியாத்தான் இருக்கும், நீ நூலைக் குடும்மா’ என்று அதட்டும்போதும் சொல்லிப்பழக வேண்டும். அதட்டும் வேடத்துக்கு உண்மையான அறுவை மருத்துவர் ஒருவரே முன்வந்தால், பயிற்சியின் பயன் வேறு தளத்துக்குப் போய்விடும். பெரும்பாலான இடங்களில் அவரைக் கூட்டிவருவதுதான் கடினம். கதையைப் பத்து நிமிடத்தில் முடித்து, மீதி நேரத்தை இந்த ஒத்திகைக்குக் கொடுப்பதே சரியான விகிதம்.

கதைமுறையின் இன்னொரு சிக்கல், கதை நன்றாக இருந்தாலே பாடமும் நடந்துவிட்டது என்ற மயக்கம். ஊசிக்குத்துக் காயம் பற்றிய வகுப்பை, இந்தியாவின் முதல் எச்ஐவி தொற்றுகள் 1986இல் நம் சென்னை மருத்துவக் கல்லூரியின் ஆய்வில் கண்டறியப்பட்ட வரலாற்றோடு தொடங்கினால் யாரும் கண்ணிமைக்க மாட்டார்கள். டாக்டர் சுனிதி சாலமன் வழிகாட்ட, அவர் மாணவி நிர்மலா இரத்த மாதிரிகளைச் சேகரித்து, வீட்டுக் குளிர்பதனப் பெட்டியில் வைத்திருந்து, வேலூருக்குக் கொண்டுபோய்ச் சோதித்தது நம் ஊர் பெருமைப்பட வேண்டிய வரலாறு. ஆனால் கதாகாலட்சேபத்தில் கிளைக்கதை சுவையாக அமைந்துவிட்டால் பாகவதர் விட்ட இடத்தைக் கேட்பவர் மறந்துவிடுவது போல, வெளியே வருபவருக்குக் குளிர்பதனப் பெட்டி நினைவிருக்கும். குத்திய இடத்தைப் பிதுக்காமல் சோப்பும் தண்ணீரும் கொண்டு கழுவ வேண்டும், உடனே தெரிவிக்க வேண்டும், தடுப்பு மருந்து தேவைப்பட்டால் இரண்டு மணி நேரத்துக்குள் தொடங்குவது நல்லது, 72 மணி நேரத்தைத் தாண்டக் கூடாது என்பது நினைவிருக்காது. கதையின் திருப்பம் எங்கே இருக்கிறதோ அங்கேதான் பாடமும் இருக்க வேண்டும். இரவு இரண்டு மணிக்குக் குத்திக்கொண்ட ஒருவர், ‘காலையில இன்சார்ஜ்கிட்ட சொல்லிக்கலாம், இப்போ சொன்னா திட்டுவாங்க’ என்று தள்ளிப்போடும் சூழ்நிலை, அந்த வரலாற்றைவிட எளிமையானது. ஆனால் திருப்பமும் பாடமும் அதில் ஒரே இடத்தில் இருக்கின்றன.

சிமுலேஷனுக்கு வருவோம். நிர்வாகத்துக்கு மிகவும் பிடித்தது இதுவே, ஏனென்றால் படம் எடுத்துப் போட முடியும். கையால் செய்ய வேண்டியவற்றுக்கு இதற்கு மாற்று இல்லை என்பதையும் ஒப்புக்கொள்ள வேண்டும். நார்வேயின் பொம்மைத் தயாரிப்பாளர் ஆஸ்முண்ட் லேர்டால் 1960இல் ரெஸஸி ஆன் என்ற பயிற்சிப் பொம்மையைக் கொண்டுவந்ததிலிருந்து இன்றுவரை, நெஞ்சை ஐந்து சென்டிமீட்டர் ஆழத்துக்கு, ஆறைத் தாண்டாமல், நிமிடத்துக்கு 100 முதல் 120 முறை அழுத்துவது எப்படி என்பதை வேறு எதனாலும் கற்றுத்தர முடியவில்லை. பிறந்த குழந்தை மூச்சுவிடாதபோது முதல் நிமிடத்துக்குள் மாஸ்க் வைத்துக் காற்றைச் செலுத்தும் பழக்கமும் அப்படித்தான். ஆனால் இந்தக் கைப்பழக்கம் சில மாதங்களில் மங்கத் தொடங்கிவிடும். அடிப்படை உயிர்காப்புப் பயிற்சிக்கான பிஎல்எஸ் சான்றிதழோ இரண்டு ஆண்டுகளுக்குச் செல்லும். ஆகையால் இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை ஒரு முழு நாளைச் செலவிடுவதைவிட, சாதாரண அரையுடல் பொம்மை ஒன்றை வார்டுக்கு வார்டு கொண்டுபோய், மூன்று மாதத்துக்கு ஒருமுறை ஒவ்வொருவரையும் இரண்டு நிமிடம் அழுத்த வைப்பது மேல். போரூர் ஸ்ரீ ராமச்சந்திரா போன்ற போதனா நிறுவனங்களில் சிமுலேஷனுக்கென்றே தனி மையம் இருக்கிறது. அங்கே மாணவர்கள் ஆண்டுதோறும் வருகிறார்கள், ஆசிரியர்கள் அதற்கென்றே இருக்கிறார்கள். நூற்றைம்பது படுக்கை மருத்துவமனை அதே விலையுயர்ந்த பொம்மையை வாங்கினால், அது பூட்டிய அறையில் இருக்கும். சாவி விடுப்பில் போனவரிடம் இருக்கும்.

நோயாளியாக நடிப்பவரைப் பயன்படுத்தும் முறைக்குப் பணம் அதிகம் தேவையில்லை. 1963இல் அமெரிக்க நரம்பியல் மருத்துவர் ஹோவர்ட் பேரோஸ் தொடங்கிவைத்த இந்த முறை, கெட்ட செய்தியைச் சொல்வது, கோபத்தில் இருக்கும் உறவினரிடம் பேசுவது போன்ற இடங்களில் நம் ஊருக்கு மிகவும் பொருந்தும். ஐசியூ வாசலில் ‘காலையிலிருந்து ஒருத்தரும் ஒண்ணும் சொல்லல, பில்லு மட்டும் வருது’ என்று கத்தும் மகனாக நடிக்கப் பில்லிங் பிரிவில் எப்போதும் ஒருவர் கிடைப்பார். அந்த வசனம் அவருக்கு மனப்பாடம்.

ஒப்பீட்டில் பணத்தைவிட எடை கூடியவை இரண்டு உண்டு. ஒன்று, மொழி. சென்னை மருத்துவமனை ஒன்றின் செவிலியர் அறையில் தூத்துக்குடியும் கோட்டயமும் இம்பாலும் ஒன்றாக இருக்கும். ஹவுஸ்கீப்பிங்கில் வியாசர்பாடியும் ஒடிசாவும் சேர்ந்து இருக்கும். நீண்ட கதையை ஒரே மொழியில் சொன்னால் பாதிப் பேருக்கு உணர்ச்சி சென்று சேராது. கதையின் வலிமையே அந்த உணர்ச்சிதான். நான்கு வரிச் சூழ்நிலையை மூன்று மொழிகளில் அச்சிடலாம். பதிலைத் தங்களுக்குள் எந்த மொழியில் வேண்டுமானாலும் பேசிக்கொள்ளலாம். கழிவு பிரிப்பதைச் சொல்லித்தரும்போது 2016ஆம் ஆண்டு விதிகளின் மஞ்சள், சிவப்பு, வெள்ளை, நீலம் என்ற அட்டவணையைச் சுவரில் ஒட்டிவிட்டு, இரத்தம் படிந்த கையுறையையும் உடைந்த மருந்துக் குப்பியையும் ஊசியோடு இருக்கும் சிரிஞ்சையும் படமாகக் காட்டி எதில் போடுவீர்கள் என்று கேட்பது, எழுதப் படிக்கத் தெரியாதவரையும் பேச வைக்கும். விதிகளை விளக்க வகுப்பும் சுவரொட்டியும் போதும். அவற்றைக் கதையாக்குவது வீண் உழைப்பு.

மற்றொன்று, ஆள் மாற்றம். இரண்டு ஆண்டு அனுபவம் கிடைத்ததும் வளைகுடாவுக்கோ இங்கிலாந்துக்கோ ஜெர்மனிக்கோ போய்விடும் செவிலியர்களை வைத்து நடத்தும் மருத்துவமனையில், ஆண்டுக்கு ஒருமுறை நடக்கும் பெரிய பயிற்சியைத் தவறவிட்டவர்கள் எப்போதும் பாதிப் பேராவது இருப்பார்கள். காலை ஏழரை மணி ஹேண்டோவருக்குப் பிறகு ஐந்து நிமிடம், வாரத்துக்கு ஒரு சூழ்நிலை என்று வார்டிலேயே நடத்தினால், மார்ச்சில் சேர்ந்தவரும் தவறவிட மாட்டார். இதற்குச் செமினார் ஹாலும் புரொஜெக்டரும் வேண்டாம். வேண்டியது நன்றாக எழுதிய சூழ்நிலைகள். அவற்றைப் பயிற்சியாளர் தனியே உட்கார்ந்து எழுதினால் பாடப்புத்தக வாடை அடிக்கும். இன்சார்ஜ் சிஸ்டர்கள் எழுத வேண்டும், பயிற்சியாளர் திருத்த வேண்டும். பார்மசி அரை மணி நேரம் தாமதிப்பதும் சாப்பாடு ஆறிப்போவதும் அவர்களுக்குத்தான் தெரியும்.

ஒரு எச்சரிக்கை. சொந்த மருத்துவமனையில் நடந்த தவற்றை அப்படியே சூழ்நிலையாக்கினால், பெயரை எடுத்துவிட்டாலும், அது யார் என்பது கேன்டீனில் மதியத்துக்குள் தெரிந்துவிடும். அடுத்த தவற்றை யாரும் எழுதிக்கொடுக்க மாட்டார்கள். வார்டையும் மருந்தையும் நேரத்தையும் மாற்றி, இரண்டு நிகழ்வுகளை ஒன்றாகக் கலந்து, சில மாதங்கள் கழித்தே பயன்படுத்த வேண்டும். நோயாளியை அடையாளம் காட்டும் விவரம் எதுவும் வரக் கூடாது என்பதைச் சொல்லத் தேவையில்லை.

நான் அட்டவணை போட்டால், பயிற்சி நேரத்தில் பாதிக்கு மேல் இந்த வார்டுச் சூழ்நிலைகளுக்கும், கால் பங்கு பொம்மைக்கும் நடிப்புக்கும், மீதியை வகுப்புக்கும் கதைக்கும் கொடுப்பேன். புதிதாகத் திறக்கும் மருத்துவமனைக்கு இது பொருந்தாது. விதிகளே தெரியாத இடத்தில் விவாதம் தவறான பழக்கத்தையே உறுதிசெய்யும், முதல் மூன்று மாதம் வகுப்புதான் நடக்க வேண்டும். பலனை அளப்பதற்குத் தேர்வுத் தாளை நம்ப மாட்டேன். பயிற்சி முடிந்து ஆறு வாரம் கழித்து, சொல்லாமல் கொள்ளாமல் வார்டுக்குப் போய் மருந்து டிரேயைப் பார்த்தால் போதும்: இரண்டு வலிமை இன்சுலினும் ஒரே தட்டில் கிடக்கின்றனவா, சிரிஞ்சுகள் குப்பிக்கு ஏற்றவையா, வெளி மருந்து எங்கே வைக்கப்பட்டிருக்கிறது.

மாத வரிசையையும் நம் ஊருக்கேற்ப அமைக்கலாம். சர்க்கரை இறக்கத்தையும் வெயிலின் வியர்வையையும் குழப்பிக்கொள்ளும் மே மாதத்துக்கு முன், ஏப்ரலில் இன்சுலினும் ஹெப்பாரினும். புதிய செவிலியர்கள் வந்து சேரும் காலத்தில் அடையாளம் காணுதல். ஒரே வார்டில் இரண்டு லட்சுமி அம்மாள் இருப்பது இங்கே விதிவிலக்கே அல்ல. ஆபத்து நேரத்தில் நோயாளிகளை வெளியேற்றும் பயிற்சியைத் தீயணைப்பு வாரத்தோடு சேர்த்து ஏப்ரலில் முடித்துவிடுவது வழக்கம். அதைப் பிரித்து, இரண்டாவது பகுதியைச் செப்டம்பரில், வடகிழக்குப் பருவமழைக்கு முன் வைக்க வேண்டும். 2015 டிசம்பர் வெள்ளத்தையும் 2023 டிசம்பரின் மிக்ஜாம் புயலையும் பார்த்த ஊழியர்களிடம் இப்படிக் கேட்கலாம்: தெருவில் முழங்கால் அளவு தண்ணீர், மின்சாரம் போய்விட்டது, ஜெனரேட்டர் இருப்பதோ தரைக்குக் கீழே உள்ள தளத்தில், இரண்டாம் மாடி ஐசியூவில் வென்டிலேட்டரில் நான்கு பேர், அடுத்த ஷிஃப்ட் வந்து சேராது. முதலில் யாருக்கு போன் செய்வீர்கள், கையால் அழுத்திக் காற்றைச் செலுத்தும் அம்பு பேக் எத்தனை இருக்கிறது, ஆக்சிஜன் சிலிண்டர் எத்தனை மணி நேரம் தாங்கும்? இந்த மூன்றாவது கேள்விக்கு அறையில் யாருக்கும் பதில் தெரியவில்லை என்றால், பயிற்சியை அங்கேயே நிறுத்திவிட்டு, பயோமெடிக்கல் இன்ஜினீயரை அழைத்துக்கொண்டு எல்லோருமாகச் சிலிண்டர் அறைக்குப் போக வேண்டும்.